திருவொற்றியூருக்கு ஒரு சவ்வு கொண்டுபோனேன்

பினாங்கிலிருந்து சென்னைக்கு வரும் தமிழர்கள் புடவை எடுக்க வருவார்கள், கல்யாணத்துக்கு வருவார்கள், கோயில் கோயிலாகச் சுற்ற வருவார்கள். நான் ஒரு சவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குளிக்கிற துண்டு அளவுதான் இருக்கும். அதைச் சுருட்டி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். மேலே நான் பறந்தேன், கீழே சரக்கோடு சரக்காக அது பறந்தது. மூடி கழன்றிருக்குமோ, தண்ணீர் கசிந்திருக்குமோ என்ற கவலையில் விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

இந்தச் சவ்வு கீறினால் தானாக ஆறும். ரப்பர் போன்ற ஒரு பொருளில் பொடிப் படிகங்களைக் கலந்து, பினாங்கில் எங்கள் ஆய்வகத்தில் வார்த்தது. படிகம் என்றால் கெட்டிக் கல் இல்லை. தேன்கூடு மாதிரி உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். தண்ணீர் அதில் நுழைந்து போய்விடும், எண்ணெய் போகாது. சில அறைகளில் ஒட்டுகிற மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். சவ்வு கிழிந்தால் அந்த இடத்துப் படிகம் மருந்தைக் கசியவிடும். கிழிந்த இரண்டு ஓரமும் ஊறி, நெருங்கி, ஒட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டு நிபந்தனை. ஆறும்வரை, தண்ணீரைத் தள்ளும் பம்பின் அழுத்தம் அதன்மேல் படக் கூடாது. ஈரம் காயவே கூடாது. காய்ந்தால் படிக அறைகள் இறுகிப்போய், சவ்வு அப்பளம் மாதிரி வெடித்துவிடும்.

திருவொற்றியூரில் பஷீர் பாய் என்பவர் பழைய எண்ணெய் டிரம்களை வாங்கிக் கழுவி விற்கிறார். அவருடைய மச்சான் எங்கள் ஊரில் இருக்கிறார், அவர் வழியாகத்தான் பழக்கம். டிரம் கழுவிய தண்ணீரை எண்ணெயோடு கால்வாயில் விடக் கூடாது. பாய் வாங்கிப் போட்ட வடிகட்டிகளையெல்லாம் டிரம்மிலிருந்து உதிரும் துருச் செதில்கள் கிழித்துத் தள்ளிவிட்டன. திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார், வெளியேறும் தண்ணீர் சரியில்லை என்றால் கொட்டகையை மூடச் சொல்லிவிடுவார் என்று பாய் தொலைபேசியில் சொன்னார். சவ்வைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு மோசமான தண்ணீர் வேண்டும், பாய்க்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் நான் புறப்பட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு சவ்வு. இன்னொன்று வார்க்க ஒரு மாதமாவது ஆகும்.

புதன்கிழமை காலை ராயபுரத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து ஆட்டோ பிடித்தேன். டோல்கேட் தாண்டியதும் ஆட்டோ நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், பின்னால் கன்டெய்னர் லாரிகள். எங்கள் பட்டர்வொர்த்திலும் துறைமுகம் உண்டு, லாரிகள் உண்டு, ஆனால் அவை ஊர்ந்தாவது போகும். இங்கே ஓட்டுநர்கள் இறங்கி லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற மடியில் இருந்த குழாய் சுட ஆரம்பித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் துப்பட்டாவில் ஊற்றிக் குழாயைச் சுற்றினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உள்ள இன்னாமா கீது, மீனா?”

சவ்வு என்றேன். அதைப் பற்றி மேலே கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவர், கடைசியில் கேட்காமல் வண்டியை ஒரு சந்தில் திருப்பினார். மீன் கூடைகளுக்கும் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கும் நடுவே புகுந்து, ஒருவர் வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த துணியைத் தலையால் விலக்கிக்கொண்டு, எப்படியோ கொட்டகை வாசலில் கொண்டுவந்து விட்டார்.

தகரக் கூரை, மூன்று பக்கமும் டிரம் அடுக்கு, நடுவில் சிமென்ட் தளம். டீசல், ரசாயனம், கடல் எல்லாம் கலந்த ஒரு வாடை. பாய் ஒடிசலான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். நான் மருத்துவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காயம் ஆற வைக்கிறவங்க டாக்டர்தானே என்றார். பம்பைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் சேகர் வியாசர்பாடிக்காரர், ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர். யாரிடம் பேசினாலும் மாமு என்றுதான் ஆரம்பிப்பார், என்னிடம் மட்டும் அந்த வார்த்தையை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினார். டிரம்களைக் கழுவ பீகாரிலிருந்து வந்த இரண்டு பேர். கழுவியதைக் காயவைக்க ஆரோக்கியமேரி.

ஆரோக்கியமேரி ராயபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வெளி முற்றத்தில்தான் அவருக்கு வேலை. கழுவிய டிரம்மைக் கவிழ்த்து வைப்பார், நிமிர்த்துவார், தலையோடு கையையும் உள்ளே விட்டு ஒரு சொட்டு ஈரமில்லாமல் துணியால் துடைப்பார், வெயிலில் வைப்பார், மூடியைத் திருகுவார். தோளில் எப்போதும் ஒரு பழைய வேட்டித் துணி கிடக்கும். நான் போன அன்று தூரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பாயிடமும் சேகரிடமும் சவ்வைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். காயக் கூடாது என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன். சேகர் அதை இந்தியில் பீகார் தோழர்களிடம் சொன்னார். அவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்ன என்று கேட்டேன். “எங்க ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூட இவ்ளோ பத்தியம் கிடையாதுன்றான்” என்றார் சேகர்.

வியாழக்கிழமை சவ்வை இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே பொருத்திப் பம்பை ஓட்டினோம். ஒரு பக்கம் சாக்கடை மாதிரி தண்ணீர் உள்ளே போனது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. பாய் அதைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டார். எனக்குச் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. நினைத்தது போலவே மதியத்துக்குள் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. துருச் செதில் வேலையைக் காட்டிவிட்டது. பம்பை நிறுத்தி, தட்டுகளுக்கு நடுவே நல்ல தண்ணீரை நிரப்பி அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அன்று மாலை சேகர் என்னை பர்மா அத்தோ சாப்பிட அழைத்துப் போனார். வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தந்த நூடுல்ஸ். எங்கள் ஊர் மீ கோரிங்கை விட நூறு மடங்கு நன்றாக இருந்தது என்று எழுதினால் பினாங்கில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், ஆனாலும் உண்மை அதுதான். பாதித் தட்டில் சவ்வு ஞாபகம் வந்து கை கழுவ எழுந்துவிட்டேன்.

வெள்ளி காலை பம்பைப் போட்டோம். தண்ணீர் தெளிந்து வந்தது. கிழிந்த சவ்வு ராத்திரியோடு ராத்திரியாக ஆறியிருந்தது. ஆய்வகத்தில் நாங்கள் பிளேடால் கீறி ஆறவைத்துப் பார்த்திருக்கிறோம். திருவொற்றியூர்த் துரு கீறி ஆறியதை அன்றுதான் பார்த்தேன். சேகர் என் எதிரிலேயே பம்பைக் கட்டிப்பிடித்து “மாமு” என்றார்.

பிறகு சவ்வை வெளியே எடுத்து, ஆறிய தழும்புகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படம் பிடித்தேன். புதிதாக இரண்டு கீறல் தெரிந்தது. அவையும் ஆறட்டும் என்று, உள்ளே ஒரு மூலையில் நீலத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றிச் சவ்வை மிதக்கவிட்டேன். பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். தொழுகை முடிந்து வண்ணாரப்பேட்டையில் தன் வீட்டில் பிரியாணி, வந்தே ஆக வேண்டும் என்றார். சேகரையும் அழைத்துக்கொண்டு போனோம். அந்தப் பிரியாணியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே எழுத மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது கொட்டகை பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை அரை நாள்தான் கழுவுகிற வேலை என்றும், பாய் தொழுகைக்குப் போனதும் கொட்டகையில் இருக்கிற அத்தனையும் கவிழ்த்து, துடைத்து, காயவைத்தாக வேண்டும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. டிரம், வாளி, புனல், துடைப்பம் எல்லாம் தலைகீழாக வரிசை கட்டி நின்றன. நீலத் தொட்டியும் கவிழ்ந்து கிடந்தது. முற்றத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றில், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி, காற்றில் பறக்காமல் இருக்கக் கிளிப் போட்டு, என் சவ்வு காய்ந்துகொண்டிருந்தது.

நான் ஓடினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தொட்டதும் சவ்வு காகிதம் மாதிரி சரசரத்தது. ஓரங்கள் சுருண்டிருந்தன. கயிற்றின் மேல் மடிந்த இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. ஆரோக்கியமேரி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார்.

“ஈரத்துலயே கெடந்துச்சும்மா. ஒரு நாள் கெடந்தாப் போதும், நாறிப்பூடும். அதான் நல்லா தொடச்சிக் காயப் போட்டேன்.”

பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. அவர் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவர் இல்லை என்று பிறகு சேகர் சொன்னார். அன்று உயர்த்தினார். எல்லார் முன்னாலும், பீகார் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை வருஷ வேலையையும் சேர்த்து வைத்துத் திட்டினார். திங்கட்கிழமை கொட்டகை மூடினால் உன்னால்தான் என்றார். கடைசியாகச் சொன்னது இது:

“இனிமே என்னக் கேக்காம எதுலயும் கை வெக்காத. எதுலயும். புரியுதா?”

ஆரோக்கியமேரியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. தொட்டியைத் தனியாக விட்டுப் போன என் தவறும் இதில் இருக்கிறது என்று சொன்னேன். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

எங்கள் ஆய்வகத் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான்: “காய்ந்தது காய்ந்ததுதான். சோதனை முடிந்தது. நேரத்தை வீணாக்காமல் திரும்பி வா.” காய்ந்த சவ்வை ஆறவைத்துப் பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஆனால் வேறு வகைச் சவ்வுகள் காய்ந்துவிட்டால் முதலில் ஸ்பிரிட்டில் நனைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு மாற்றுவோம். நேராகத் தண்ணீரில் போட்டால் இறுகிய துளைகளுக்குள் தண்ணீர் போகாது. இதற்கும் அது பலிக்குமா என்று தெரியாது. பாயிடம் அப்படியே சொன்னேன். செய்யுங்கம்மா, அல்லா இருக்கான் என்றார். சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் சேகரும் டோல்கேட்டில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினோம். ஒரு பெண்பிள்ளை இத்தனை பாட்டில் ஸ்பிரிட் கேட்டால் கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வராதா? ஒருவர் சேகரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தம்மா மனசு ஒடிஞ்சு ஏதாவது செய்துகொள்ளப் போகிறாரா என்று விசாரித்தார். சவ்வு ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்று சேகர் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்கத் தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட்டில் ஊறிய சவ்வு மெதுவாகச் சுருக்கம் விட்டது. ஸ்பிரிட்டைக் கொஞ்சம் எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தேன், மறுபடி எடுத்துச் சேர்த்தேன். ஓரங்கள் நிமிர்ந்தன. கயிற்றில் மடிந்து வெடித்த தடம் மட்டும் அப்படியே இருந்தது, வெள்ளைக் கோடாக. ஆரோக்கியமேரி அன்று முற்றத்தை விட்டு உள்ளே வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்து உட்கார்ந்திருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து, நல்ல புடவையோடு, கையில் தூக்குச் சட்டியோடு ஆரோக்கியமேரி வந்தார். சோறும் வஞ்சிரக் குழம்பும். எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் இனிப்பு தூக்கலாக இருக்கும். இது புளியும் மிளகாயும் சேர்ந்து காதுவரை ஏறியது. அவர் சாப்பிடவில்லை. தொட்டியிலிருந்து நாலடி தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு தபா ஒரு டிரம்முல ஈரம் நின்னுபோச்சு” என்றார். “உள்ள துரு ஏறி, ஊத்துன எண்ணெ கெட்டு, மொத்த லோடும் திரும்பி வந்திச்சு. அன்னிலேர்ந்து ஈரம்னு பாத்தா என் கை சும்மா இருக்காது. நான் இன்னா பண்ணுவேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளியிடம் சொன்னேன், பிட்டரிடம் சொன்னேன், மொழி தெரியாதவர்களிடம்கூட ஆள் வைத்துச் சொன்னேன். அந்தக் கொட்டகையில் ஈரத்தைத் துடைப்பதையே வேலையாக வைத்திருந்தவரிடம் மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

“உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது நான்தான் அக்கா” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. போகும்போது, இது ஆறிடுமாம்மா என்று ஒரு தடவை கேட்டார். தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்துவிட்டார். என்னை விடச் சின்னப் பெண், தலையில் ஹெல்மெட் தடம், கையில் மாதிரி எடுக்கும் பாட்டில்கள். பாய் தேநீர் வரவழைத்தார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளைக் கோடு மங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. சவ்வைத் தட்டுகளுக்கு நடுவே பொருத்தினேன், சேகர் திருகுகளை முடுக்கினார்.

பம்பு ஓடியது. முதலில் வந்த தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். குழாயில் தங்கியிருந்த பழைய தண்ணீர், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அது உண்மைதானா என்பது எனக்கே நிச்சயமில்லை. படலம் மெலிந்தது. பிறகு உடைந்து துண்டு துண்டானது. பிறகு இல்லை. அதிகாரி ஒரு வாளி நிறையும்வரை பார்த்தார்.

“வழக்கமா ஓட்டுற அழுத்தம் இதுதானா?” என்று கேட்டார்.

இல்லை. பாதிதான் வைத்திருந்தோம். சேகர் என்னைப் பார்த்தார், பாய் என்னைப் பார்த்தார். கயிற்றுத் தடம் தாங்குமா என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பாதி அழுத்தத்தில் ஓட்டிக்காட்டி நல்ல பேர் வாங்கிவிட்டு, அவர் போன மறுநாள் கால்வாயில் எண்ணெய் ஓடினால், அதற்கு நான் பினாங்கிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. கூட்டுங்கள் என்றேன். அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறியது. நான் வாளியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோது வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

அதிகாரி இரண்டு பாட்டிலில் பிடித்து மூடினார். ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுத்தில் தருவேன், ஆனால் இப்போதைக்கு வேலையை நிறுத்த வேண்டாம், ஓட்டலாம் என்றார். பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சேகர் இந்த முறை என்னையே மாமு என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பீகார் தோழர்கள் கை தட்டினார்கள். நான் அழுதேன், அதை எழுத வெட்கமில்லை.

விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தபோது ஆட்டோ காத்திருந்தது. முற்றத்தில் பாய் யாரிடமோ கைப்பேசியில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார், சிரித்தபடியே. காலையில் கழுவிய டிரம்கள் வரிசையாகச் சொட்டிக்கொண்டு நின்றன. ஆரோக்கியமேரி முதல் டிரம்முக்குப் பக்கத்தில் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாய், இத்த தொடைக்கலாமா?”

பாய் பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், தலையை ஆட்டினார். ஆரோக்கியமேரி துடைத்தார், வெயிலில் வைத்தார், மூடியைத் திருகினார். அடுத்த டிரம்முக்குப் போனார். துணியை உதறினார், நின்றார், பாய் பக்கம் பார்த்தார்.

“பாய், இத்த?”